பூங்காவுக்குப் போக வழி இருக்கிறது, இரவு தங்கத்தான் இடமில்லை

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் அதிகாரிகளுக்கும், பொழுதுபோக்குப் பூங்காக்களை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் காட்பாடி பக்கம் விருதம்பட்டில் இருக்கிறேன். எங்கள் தெருவில் மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு சின்னச் சீட்டு போடுகிறோம். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதற்கென்றே போடும் சீட்டு அது. வீட்டுக்கு மாதம் 800 ரூபாய், பத்து மாதம். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஓரகத்தி ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். மூன்றாவது வீட்டு அக்கா தையல் போடுகிறார். எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஏழு பேர்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் வானிலைச் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் வராத நாள் குறைவு. பாலாற்றில் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கத் தண்ணீர் கிடையாது. கோட்டைக்குப் போவோம், அமிர்தி போவோம், ஏலகிரியும் போய் வந்தாயிற்று. பிள்ளைகள் கேட்பது அலை அடிக்கும் குளமும் சறுக்குமரமும்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பையன் போய்வந்து கதை சொல்லும்போது நம் பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் பத்து மாதம் பணம் சேர்க்கிறோம்.

2024 மே மாதம் போனோம். எந்தப் பூங்கா, எந்த லாட்ஜ் என்று எழுத மாட்டேன். ஓர் இடத்தைக் குற்றம் சொல்வதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. பல இடங்களில் இதே நடைமுறைதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பூங்கா மூடிய பிறகு வெளியே வந்து, பேருந்து பிடித்து, லாட்ஜுக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி ஒன்பதரை. முன்கூட்டியே போன் செய்துதான் போனோம். அறைக்கு 1,100 ரூபாய், மூன்று அறை, 3,300 என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ரிசப்ஷனில் இருந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். ஓரகத்தி தோளில் தூங்கிக்கொண்டிருந்த சின்னவளின் முகத்தை எட்டிப் பார்த்து, "இதுக்கு என்ன வயசு?" என்றார். அந்த வாடகை இரண்டு பேருக்குத்தானாம். ஐந்து வயது தாண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் 350 ரூபாய் கூடுதல். "இன்னா சார், போன்ல இதச் சொல்லலியே" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "நீங்க கேக்கலியே" என்றார் அவர்.

ஐந்து பிள்ளைகளுக்கு 1,750. மொத்தம் 5,050. அதன் மேல் 12 சதவீதம் ஜிஎஸ்டி, 606 ரூபாய். ஆக 5,656. ஈரத் துணியோடு ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த நேரத்தில் வேறு எங்கே போவது? கொடுத்தோம். கூடுதல் படுக்கை என்று அறைக்கு ஒரு மெல்லிய மெத்தை வந்தது. பெரியவர்கள் தரையில் துண்டை விரித்துப் படுத்தோம். துவைத்த துணியை வராந்தாக் கம்பியில் போட்டதற்கு அரைமணி நேரத்தில் ஒரு பையன் வந்து எடுக்கச் சொன்னான். காலையில் ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினோம்.

கூடுதலாகப் போன 2,356 ரூபாய் எதற்கு வைத்திருந்தது தெரியுமா? அடுத்த நாள் மாமல்லபுரம் போய்ப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவதற்கு. ஏழு பேரில் நான்கு பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. காட்டாமலே ஊருக்குத் திரும்பினோம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். எங்களுக்கு அந்தச் சுமைகூலி இந்த இரவுத் தங்கல்தான். பூங்கா டிக்கெட்டின் விலை முன்பே தெரியும், அதற்கு ஏற்றபடி சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். பயணச் செலவும் கைக்குள் நிற்கும். கணக்கு உதைப்பது தங்கும் இடத்தில்தான். அறைகளெல்லாம் இரண்டு பேர் வந்து தங்குவதற்கென்றே கட்டப்பட்டிருக்கின்றன. நாங்கள் நான்கு பேராக, ஐந்து பேராகத்தான் வருவோம். ஒரே அறையில் பாய் விரித்துப் படுப்பது எங்களுக்குக் குறையே இல்லை, வீட்டிலும் அப்படித்தான் படுக்கிறோம்.

ஒரே நாளில் போய்த் திரும்பினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தாயிற்று. விடியற்காலை நாலரைக்கு எழுப்பிக் கிளம்பி, மாலையில் கடைசிப் பேருந்தை நினைத்து நாலு மணிக்கே பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து இழுத்து வர வேண்டியதாயிற்று. முழு நாளுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதி நாள்தான் இருந்தோம்.

குறைந்த வாடகையில் குடும்பம் தங்குவதற்கு முன்மாதிரி தேடி நீங்கள் வெளிநாடு போக வேண்டாம். வேலூருக்கு வாருங்கள். சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி, காந்தி ரோடு, பாபுராவ் தெரு, சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம் என்று சந்து சந்தாக லாட்ஜ் இருக்கிறது. மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் பத்து நாள், இருபது நாள், சிலர் மாதக் கணக்கில் தங்குகிறார்கள். நோயாளியோடு அம்மா, அண்ணன், அண்ணி, குழந்தை என்று குடும்பமே வருகிறது. அங்கே நாள் வாடகை. பல இடங்களில் சமையலுக்கு வசதி உண்டு, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். கல்யாணமான புதிதில் அப்படி ஒரு லாட்ஜின் பின்பக்கத்து வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். மத்தியானம் ஆனால் கடுகெண்ணெயில் மீன் வறுக்கும் வாசனை எங்கள் ஜன்னலுக்கு வரும். மொட்டை மாடி முழுக்கக் கொடி கட்டிச் சேலையும் துண்டும் காயும். யாரும் வந்து எடுக்கச் சொன்னதில்லை. கையில் காசு குறைவாக, ஆள் அதிகமாக வருகிறவர்களை மரியாதையாகத் தங்க வைப்பது எப்படி என்று எங்கள் ஊருக்குப் பல வருடமாகத் தெரியும். நோய்க்கு வந்தவர்களுக்கு முடிந்தது, பிள்ளைகளின் சந்தோஷத்துக்கு வருகிறவர்களுக்கு ஏன் முடியாது?

திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறந்தபின் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பேச்சே அதுதான். அதற்கு முன் வொண்டர்லா என்றால் எங்களுக்குப் பெங்களூரைத் தாண்டி மைசூர் சாலையில் இருக்கும் பிடதி. 2005-இலிருந்து அங்கே இருக்கிறது. காட்பாடியில் ரயிலேறி, பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, மைசூர் பக்கம் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும். இப்போது தமிழ்நாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வேலூர்க்காரர்களுக்கு அதில் ஒரு வசதி, சென்னைக்குள் நுழையாமலே போய்விடலாம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, அங்கிருந்து திருப்போரூர். ரயிலில் என்றால் அரக்கோணத்தில் மாறி, காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு. முன்பதிவில்லாத பெட்டியில் ஐந்து வயதுக்குள் டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வயதுக்குள் அரை டிக்கெட். வயதைச் சொன்னால் ரயில்வே நம்புகிறது, அதற்காகவே ரயிலை எனக்குப் பிடிக்கும்.

சரி, கழகத்திடம் நான் கேட்பது இதுதான். மாமல்லபுரத்தில் கடலோரமாக உங்களுக்கு விடுதி இருக்கிறது. திருப்போரூருக்கு அது பக்கம்தான். அந்த வளாகத்தில் ஓர் ஓரமாகக் குடும்பக் கூடம் ஒன்று கட்டிக் கொடுங்கள். ஏசி வேண்டாம், டிவி வேண்டாம். குடும்பத்துக்கு ஒரு பெரிய அறை, மின்விசிறி, ஆறு பாய், ஆறு தலையணை, உள்ளேயே குளியலறை. வாடகை அறைக்கு என்று இருக்கட்டும், தலையை எண்ண வேண்டாம். ஐந்து பேருக்கும் ஒரே தொகை என்று சுவரில் எழுதி வையுங்கள், போனில் கேட்டாலும் அதே தொகையைச் சொல்லுங்கள். துணி காயப் போட ஒரு கொடி. பொதுவாக ஒரு சமையல் கூடம், அதில் இரண்டு அடுப்பு. கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும், ராத்திரிக்கு ரவை கிளறவும் அது போதும். வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று தோழி விடுதிகள் கட்டிய அரசுதானே இது. எங்கள் வேலூரிலும் அது இருக்கிறது. அதே மனதோடு குடும்பத்துக்கும் ஒன்று யோசியுங்கள் என்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குப் புதிதல்ல. சென்னையிலிருந்து திருப்பதிக்கு நீங்களே பேருந்து விட்டிருக்கிறீர்கள். ஒரே கட்டணத்தில் பயணம், சாப்பாடு, தரிசனம் எல்லாம் முடிந்துவிட்டது. போனவர்களுக்கு வழியில் யாரும் புதிதாக ஒரு தொகை சொல்வார்களோ என்ற பயம் இருந்ததில்லை. கோடை விடுமுறை இரண்டு மாதமும், வாரத்துக்கு ஒரு நாள், வேலூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து அதே மாதிரி ஒன்று விடுங்கள். முதல் நாள் பூங்கா, ராத்திரி குடும்பக் கூடம், மறுநாள் காலை கடற்கரை, மத்தியானம் திரும்பல். ஆம்பூர், குடியாத்தம், ராணிப்பேட்டை ஜனங்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள். தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள் எல்லோரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆறு மாதம் முன்னதாகவே தொகையை அறிவித்துவிட்டால் எங்களைப் போலச் சீட்டுப் போடுகிறவர்களுக்குப் பெரிய உதவி.

வரி விஷயத்தில் கொஞ்சம் நல்லது நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு 2022 ஜூலைக்கு முன் ஜிஎஸ்டி கிடையாது. அப்புறம் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம்தான். எனவே இப்போது யாராவது 12 என்று பில் போட்டால் கேளுங்கள் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பூங்கா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய ராட்டினத்தில் ஏற இவ்வளவு உயரம் வேண்டும் என்று வைத்திருப்பது பாதுகாப்புக்காக, அது நியாயம். டிக்கெட்டையும் உயரத்தை வைத்துப் போடுவதுதான் எங்களுக்கு இடிக்கிறது. என் பெரிய பெண்ணுக்கு அப்போது பத்து வயது, ஐந்தாவது படித்தாள். அப்பா மாதிரி நெட்டை. வாசலில் சுவரில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே நிறுத்தினார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளாகவே தலையில் இருந்த கொண்டையைக் கையால் அமுக்கிக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடித்தாள். உயரம் பார்த்த பையன் சிரித்துக்கொண்டே "நேரா நில்லும்மா" என்றான். கோட்டைத் தாண்டிவிட்டாள், பெரியவர் டிக்கெட். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் வேணா வெளியில உக்காந்துக்கவா?" என்று கேட்டாள். பள்ளி அடையாள அட்டை என் பையிலேயே இருந்தது. அதைப் பார்த்து அரை டிக்கெட் கொடுத்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அட்டையைப் பார்த்துக் கொடுங்கள்.

சாப்பாட்டை உள்ளே விட மாட்டோம் என்கிறீர்கள். சுத்தம் முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். வாசலுக்கு வெளியே நிழலாக ஒரு கொட்டகையும், நான்கு பெஞ்சும், ஒரு தண்ணீர்க் குழாயும் போடுங்கள். மத்தியானம் கையில் முத்திரை குத்தி வெளியே விட்டு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டதும் திரும்ப உள்ளே விடுங்கள். பதிமூன்று பேருக்கு உள்ளே சாப்பாடு வாங்கினால் ஒரு வீட்டின் சீட்டுப் பணத்தில் கால்வாசி போய்விடும்.

எங்கள் அடுத்த சீட்டு ஆனியில் தொடங்கி பங்குனியில் முடிகிறது. இந்தத் தடவை மாதம் ஆயிரம் என்று பேசி வைத்திருக்கிறோம். மாமல்லபுரத்தில் அந்தக் கூடம் தயாராகிவிட்டால் தொகையைச் சொல்லுங்கள், முதல் பதிவு எங்களுடையது. மூன்று அறை, பதிமூன்று பேர். கடலைப் பார்க்காத பிள்ளைகள் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
விருதம்பட்டிலிருந்து, மூன்று வீட்டுச் சீட்டுக் கணக்கு எழுதுகிறவள்