மழைத்தோட்டம் ஏன் குட்டையாகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலையில் ஓடும் மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும், செடி நட்ட பள்ளங்களான சாலையோர மழைத்தோட்டங்கள் பற்றிய பேச்சு பெருகியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் அவை சேற்றுக்குட்டையாகிவிட்டால் செடிகளைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் கோளாறு அடிமண்ணில்தான். பொக்லைன் ஏறி இறங்கிய மண் இறுகிப்போய் நீரை உள்ளே விடாது. இயந்திரத்தை ஓரமாக நிறுத்தித்தான் தோண்ட வேண்டும். குழியின் அடியைக் கடப்பாரையால் கிளறிவிட வேண்டும்.

அதற்கும் முன், ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மீண்டும் நிரப்பி, மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 12 மில்லிமீட்டருக்கும் குறைவென்றால், அடியில் ஜல்லி பரப்பித் துளையிட்ட வடிகுழாய் பதித்தே ஆக வேண்டும்.

நிரப்பும் கலவையில் பெரும்பகுதி மணலாக இருக்கட்டும். மட்கிய உரம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் செடி செழிக்கும், ஆனால் சத்து கசிந்து நீர்நிலையில் பாசியை வளர்க்கும்.

பலரும் கோட்டை விடுவது நீர் நுழையும் திறப்பில். அதையொட்டிய மண் 5 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் முதல் மழையின் வண்டலும் சருகுமே வாயை அடைத்துவிடும். தண்ணீர் தோட்டத்தைத் தாண்டிச் சாக்கடைக்கே ஓடும்.

கொசு பற்றிய அச்சம் நியாயமானதே. முட்டை கொசுவாகப் பொதுவாக ஒரு வாரமாவது ஆகும்; இரண்டு நாளில் வடியும் குழியில் அதற்கு வழியில்லை. ஒப்பந்தத்தில் செடிகளின் எண்ணிக்கையோடு இந்த வடியும் நேரத்தையும் எழுத வேண்டும்.