சோடா டேப் கசிவும் நுரையும்: பாகங்களை மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: வீட்டு உபயோக வாடிக்கையாளர், கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 19 லிட்டர் கெக் (சோடாவை அழுத்தத்தில் வைக்கும் உலோகக் கலன்) செட்டின் டேப், டியூப், ஷாங்க் (டேப்பை டியூபுடன் இணைக்கும் மரைக் குழாய்) ஆகியவற்றில் உள்ள குறைகள்

ஐயா, வணக்கம்.

பெட்டியில் ‘பீருக்கும் சோடாவுக்கும்’ என்று அச்சிட்டு நீங்கள் விற்ற செட் இது. இதன் டேப் சொட்டுகிறது, டம்ளரில் பிடித்தால் சோடா நுரைக்கிறது. கெக்கில் நிரப்புவது வெறும் சோடாத் தண்ணீர்தான். நன்னாரியும் எலுமிச்சையும் டம்ளரில்தான் சேருகின்றன. ஆகவே, சர்க்கரைப் பிசுக்கு ஒட்டியதால் டேப் சொட்டுகிறது என்று விளக்கம் சொன்னால், அது இங்கே பொருந்தாது.

டேப் வியர்க்கிறது, அவ்வளவுதான் என்றார் வந்த மெக்கானிக். அதைச் சோதிப்பது எளிது. டேப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, அதன் மூக்கினுள் டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டிச் செருக வேண்டும். வியர்வை என்றால் வெளிப்புறம் முழுவதும் முத்து முத்தாகப் பூக்கும், உள்ளே காகிதம் காய்ந்தே இருக்கும். எங்கள் டேப்பில் வெளிப்புறம் காய்ந்திருக்கும்போதே காகிதம் நனைகிறது. கசிவு உள்ளே இருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு கேஸை அடைத்து, கெக்கின் அழுத்தத்தை வெளியேற்றி, சோடா வரும் கனெக்டரைக் கழற்றிய பிறகு டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். முன்பக்க ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. அது உட்காரும் இருக்கையில் பஞ்சை ஓட்டினால் நூல் மாட்டுகிறது; கடைசலில் விட்ட பிசிறு அது. உங்கள் மெக்கானிக் ஓ-ரிங்கை மட்டும் மாற்றினார். பிசிறு இருக்கும்வரை புதிய ஓ-ரிங்கும் அதே இடத்தில்தான் வெட்டுப்படும். போதாக்குறைக்கு, உணவுத் தரச் சிலிகான் கிரீஸ் தொட்டுக்கூட வைக்காமல் உலர்வாகவே மாட்டியிருந்தார். கைப்பிடிக்குக் கீழுள்ள நட்டையும் இறுக்கிவிட்டுப் போனார். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் நெம்பு முழுதாகத் திரும்பாது, டேப் பாதி மூடிய நிலையில் நிற்கும். கைப்பிடி தானாகச் சாயாத அளவுக்கு இறுக்கினால் போதும்.

நுரைக்கு வேறு காரணம். 4 டிகிரி செல்சியஸில் சுருக்கென்று இருக்கும் சோடாவுக்கு 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அலகு) அழுத்தம் வேண்டும், பீருக்கு 10 முதல் 12 போதும். நீங்கள் தந்த 5 மி.மீ. உள்விட்ட டியூப் 1.5 மீட்டர், அதாவது ஏறத்தாழ 5 அடி நீளம். இந்த வகை டியூப் அடிக்கு ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாங்கிக் குறைக்கும். 5 அடிக்கு 10 போனால், மீதி 20 பி.எஸ்.ஐ.யும் டேப்பின் வாயில் ஒரேயடியாக விடுபடுகிறது. கரைந்திருந்த கேஸ் அங்கேயே பிரிந்து, டம்ளரில் பாதி நுரையும் பாதி சப்பென்ற தண்ணீரும் விழுகின்றன. டேப்பின் பக்கவாட்டிலுள்ள, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் நெம்பு இதைச் சரிசெய்யாது. அதை நெருக்க நெருக்க அந்த இடுக்கிலேயே கேஸ் இன்னும் பிரியும். அது கடைசி நேரச் சிறு திருத்தத்துக்கானது. மெக்கானிக் செய்ததுபோல் ரெகுலேட்டரை 12-க்கு இறக்கினால் நுரை அடங்கும், சோடாவும் செத்துப்போகும். தேவைப்படுவது 6 மீட்டர் டியூப், அதையும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே சுருட்டி வைக்க வேண்டும். ஓட்டம் மெதுவாக இருந்தால் சிறிது சிறிதாக நறுக்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்பட வைப்பது ஷாங்க். பெட்டியில் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இருக்கிறது. மரையில் குரோம் உரிந்து பித்தளையின் மஞ்சள் தெரிகிறது. சோடா அமிலத்தன்மை உள்ளது, பித்தளையிலிருந்து செம்பைக் கரைக்கும். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் இது. இந்த டேப்பை நாங்கள் இப்போது பயன்படுத்துவதில்லை. அதே அமிலம் சொட்டிச் சொட்டி, கீழேயுள்ள ஆத்தங்குடிக் கல்லின் மெருகையும் மங்கச் செய்துவிட்டது. அது சிமென்ட் கல், ஒரு சொட்டு ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால் தாங்காது.

பிசிறில்லாத முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேப், அதே உலோக ஷாங்க், 6 மீட்டர் டியூப், உதிரி ஓ-ரிங்குகள், உணவுத் தரச் சிலிகான் கிரீஸ் ஆகியவற்றைக் கட்டணமின்றி அனுப்புங்கள். பெட்டியிலுள்ள உலோக விவரத்தையும் திருத்துங்கள். இதே செட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் ஷாங்கைப் பற்றித் தெரிவியுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவோம்.

இணைப்பு: ரசீது நகல், வெட்டுப்பட்ட ஓ-ரிங், ஷாங்க் மரை ஆகியவற்றின் படங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்