பெட்டி கனக்கட்டும்

செங்காங்
ஞாயிறு இரவு

அன்புள்ள சாந்தி,

அந்த நாவலை நாடகமாக்கி நீ அனுப்பிய பிரதி வந்து மூன்று வாரம். பதில் இல்லையென்று நீ லதாவிடம் புலம்பியது காதுக்கு வந்தது. திட்டி முடித்தாயிற்றா? அம்மாவின் முழங்கால் தேவலை, உன் மாமியார் ஊறுகாய் தீர்ந்தது. இனி விஷயம்.

112 பக்கம்! நம் வசனம் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் இழுக்கும். இரண்டே முக்கால் மணி நேரம். கடைசி ரயிலைப் பிடிக்கப் பாதி அரங்கம் எழுந்துவிடும். 70 பக்கத்துக்குக் கொண்டு வா.

நீளத்துக்குக் காரணம் அந்த 'நான்'. நாவலில் கதை சொல்பவள் வளர்ந்தபின் தன் சிறுவயதைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறாள், படிக்க அழகு. மேடை ஓரத்தில் நின்று "அன்றுதான் அப்பா உடைந்ததை உணர்ந்தேன்" என்று அவளே சொல்லிவிட்டால், அப்பாவாக வருபவருக்கு அங்கே என்ன வேலை? அவள் சொல்வதில் கையால் செய்து காட்டக்கூடியதற்குப் பச்சை, இன்னொருவர் வாயில் வரக்கூடியதற்கு மஞ்சள், மீதிக்குச் சிவப்பு. சிவப்பை வெட்டு. அழாதேடி.

கரி இஸ்திரிப் பெட்டியை மூலையில் வைத்து மறந்துவிட்டாயே, நாடகமே அதில்தான் இருக்கிறது. எட்டு வயதில் இரண்டு கையாலும் தூக்கி, வயிற்றில் முட்டுக்கொடுத்து அப்பாவிடம் கொண்டு வருகிறாள். நடுவே ஒரு ஞாயிறு இரவு, அப்பா சீருடையை விரிக்கிறார், பெட்டியைத் தொடாமல் மடித்து வைத்துவிடுகிறார். பதினாறு வயதில் அவளே ஒரு கையால் எடுத்து முன்னும் பின்னும் வீசிக் கரியைக் கனியவைக்கிறாள். வசனமே வேண்டாம். வயதுக்கு ஒருத்தியாக மூன்று நடிகைகளும் வேண்டாம்.

ஆனால் பெட்டி நிஜமாகவே கனக்க வேண்டும். தெர்மாகோலில் செய்து சாயம் அடித்தால் மணிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும். நெருப்புக்கு அரங்கத்தார் லேசில் ஒப்பமாட்டார்கள்; உள்ளே பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு போதும். வீசும்போது மூடிக் கொக்கி கழன்று விளக்கு மேடையில் உருண்டால் மானம் போச்சு. கம்பியால் கட்டிவிடு. உடை மாற்ற வெல்க்ரோ வேண்டாம், பிரிக்கும் சத்தம் மூன்றாம் வரிசைக்குக் கேட்கும். டிச் பட்டன் வை.

வரலாற்றில் இரண்டு இடம் உதைக்கிறது. பிரிட்டிஷார் சிங்கப்பூரிலிருந்து வெளியேறும் அறிவிப்பு 1968 ஜனவரியில் வந்தது, படைகள் கிளம்பியது 1971இல். நீயோ மறுநாளே செம்பவாங் கடற்படைத் தளத்திலிருந்து அப்பாவை வீட்டுக்கு அனுப்புகிறாய்! வேலை போகும், ஆனால் எப்போது என்று தெரியாது. அந்தக் காத்திருப்புதான் அவரை அரிக்க வேண்டும். அடுத்து, அந்நாளில் அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றி வந்த ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் கரையை ஒட்டி நின்றதில்லை, படகில் போய்த்தான் ஏறினார்கள். உனக்குச் செலவு மிச்சம்: இரண்டு பெஞ்சும் ஒரு டிரங்குப் பெட்டியும் போதும்.

வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டுபவரிடம் சொல்லிவை: ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் கூடாது. சிரிப்பு வரும் வரி தனி ஸ்லைடில் வரட்டும். சேர்த்துப் போட்டால் நடிகர் வாய் திறக்குமுன்பே அரங்கம் சிரித்துவிடும். நடிகர்கள் வசனத்தைத் தாண்டிக் குதிப்பார்கள், அதனால் காட்சிக்குக் காட்சி ஒரு வெற்று ஸ்லைடு இருக்கட்டும்.

நாவலாசிரியர் குடும்பத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டாயா? வாய்ப்பேச்சை நம்பி அரங்குக்கு முன்பணம் கட்டாதே.

சனிக்கிழமை தேக்கா கடைகளில் பழைய இஸ்திரிப் பெட்டி தேடப் போகிறேன். நீயும் வா, பேரம் பேச எனக்கு வராது.

உன்
விஜி

பி.கு: பாலா அண்ணனுக்கு மீசை ஒட்டாதே. ஒரு தடவை பட்டது போதும்.