அட்டைப்பெட்டியை நம்பி டிவி வாங்காதீர்

ஆசிரியருக்கு,

தள்ளுபடியில் 32 அங்குல டிவி வாங்குவோர் கவனத்துக்கு. 'எச்டி ரெடி' என்றால் திரை பெரும்பாலும் 1366 × 768 புள்ளிதான். ஃபுல் எச்டிக்கு 1920 × 1080 வேண்டும். '4கே (ஃபுல் எச்டியைவிடத் துல்லியமான படம்) சப்போர்ட்' என்று வேறு பெட்டியில் போட்டிருப்பார்கள்! அது உள்ளே வரும் சிக்னலைப் பற்றியது, திரையைப் பற்றியதல்ல. பேனல் ரெசல்யூஷன், அதாவது திரையில் எத்தனை புள்ளி என்று கேளுங்கள்.

பழைய செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் மாட்டினால் எந்த டிவியிலும் படம் மங்கல்தான். எச்டி பாக்ஸ், எச்டிஎம்ஐ கேபிள் (படமும் ஒலியும் ஒரே வயரில் வரும்), எச்டி சேனல் மூன்றும் இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

கடையில் கண்ணைப் பறிப்பது ஷோரூம் மோடு, அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் அமைப்பு. 'சினிமா' மோடுக்கு மாற்றச் சொல்லி, முகங்களின் நிறத்தைப் பாருங்கள். சுவரில் மாட்டுவதானால் எச்டிஎம்ஐ துளை பக்கவாட்டில் இருக்கட்டும். பின்பக்கம் நேராக இருந்தால் கேபிள் மடங்கி இணைப்பு தளரும்.

– டிவி பழுதுபார்ப்பவர், திருச்சி