விக்காவைப் பற்றி எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்திரிகைகளையும் யூடியூப் சேனல்களையும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் வந்தால் ஹாலோவீன் பற்றி எழுதுகிறீர்கள். அதில் இங்கிலாந்தில் உருவான விக்கா என்ற மதமும் தலைகாட்டும்: 'சாத்தானை வணங்கும் பெண்கள்', 'மேலைநாட்டுப் பில்லிசூனியம்'. கூடவே ஒரு கறுப்புப் பூனையின் படம்.

முதலாவது சுத்தப் பொய். சாத்தான் கிறிஸ்தவத்துக்குள் வருகிறவன். விக்காவில் அவனுக்கு இடமே கிடையாது. காட்டுக்கும் வேட்டைக்கும் உரிய கொம்புள்ள ஆண் தெய்வம் ஒன்று உண்டு, அவ்வளவுதான். (கொம்பு நந்திக்கும் இருக்கிறது.) அவரோடு நிலவுக்குரிய பெண் தெய்வமும் உண்டு, பல குழுக்களில் அவளுக்குத்தான் முதலிடம்.

இரண்டாவது கொஞ்சம் சிக்கல். விக்காவைப் பின்பற்றுகிறவர்களில் பலர் தங்களைச் சூனியக்காரர் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே அழைத்துக்கொள்கிறார்கள்; மந்திரச் சடங்குகளும் செய்கிறார்கள். ஆனால் நம் ஊரில் சூனியம் என்றாலே அடுத்தவர் குடியைக் கெடுக்க வைப்பது. விக்காவின் அடிப்படை நெறியோ, 'யாருக்கும் தீங்கில்லை என்றால் விரும்பியதைச் செய்' என்பது. செய்தது மும்மடங்காகத் திரும்பி வரும் என்றும் பலர் நம்புகிறார்கள். அப்புறம் எப்படி அதைப் பில்லிசூனியம் என்பது? 'விக்கா' என்றே எழுதிவிடலாமே.

வேறு சிலர் எதிர்த்திசையில் தவறுகிறீர்கள்: 'கிறிஸ்துவுக்கும் முந்தைய ஆதி மதம்' என்று. இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. 1936-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1939-இல் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய ரகசியக் குழுவில் தீட்சை பெற்றதாகச் சொன்னார். சூனிய சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைத் தண்டித்த பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது; வெளிப்படையாகப் பேச வழி பிறந்தது. 1954-இல் கார்ட்னர் இந்த மதத்தைப் பற்றிப் புத்தகமே போட்டார். சடங்குப் பாடல்களுக்கு அழகு சேர்த்தவர் அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்டே. அறுபடாத பழம் மரபு என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. பழைய துணுக்குகளைக் கோத்து இருபதாம் நூற்றாண்டில் கட்டிய மதம் இது. அதனால் மதிப்புக் குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

சடங்கைப் பார்த்தால் நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. தரையில் ஒரு வட்டம் வகுத்து, நான்கு திசைகளையும் அழைக்கிறார்கள். கிழக்குக்குக் காற்று, தெற்குக்கு நெருப்பு, மேற்குக்கு நீர், வடக்குக்கு மண். ஐந்தாவதாக நாம் ஆகாயம் என்போம், அவர்கள் ஆன்மா என்கிறார்கள். பேய்ச் சின்னம் என்று நீங்கள் போடும் ஐங்கோண நட்சத்திரத்துக்குப் பலர் சொல்லும் பொருள் இந்த ஐந்துதான். வட்டம் வகுக்கும் கத்தியால் ரத்தம் சிந்துவதில்லை. முழுநிலவுக்குக் கூடுகிறார்கள். வருடத்தில் எட்டுத் திருநாள். அவற்றில் அக்டோபர் 31-இல் வரும் 'சாவின்' (Samhain) என்ற திருநாள், இறந்தவர்களை நினைக்கும் நாள். பருவங்கள் தலைகீழ் என்பதால் ஆஸ்திரேலியாவில் பலர் அதை ஏப்ரல் முடிவில் கொண்டாடுகிறார்கள்.

அதே ஐங்கோண நட்சத்திரத்தை, விக்காவைப் பின்பற்றிய போர்வீரர்களின் கல்லறைக் கற்களில் பொறிக்க, வழக்குக்குப் பிறகு, 2007-இல் அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. அடுத்த அக்டோபரில் பூனைக்குப் பதில் அப்படியொரு கல்லறைக் கல்லின் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்