மணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மணி,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் கடிதத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை பணி ஓய்வு பற்றிய புலம்பல்தான். விசிலை ஊதி மைதானத்தையே அதிரவைத்தவன் எழுதுகிற கடிதமா அது? சுப்பையா மாமா மட்டும் படித்திருந்தால்!

ஒரு மனிதரைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். அமோஸ் அலோன்சோ ஸ்டாக். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பந்துவீச்சாளர். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்திலும், சிறந்த கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அகில அமெரிக்க அணியில் 1889இல் இடம்பிடித்தவர். தொழில்முறை பேஸ்பால் அணிகள் அழைத்தும் போகவில்லை. பாதிரியாராக விரும்பி இறையியல் படித்தார், மேடைப்பேச்சு கைவரவில்லை. 1892 மார்ச்சில், ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் ஆசிரியராக இருந்த பள்ளியில், பொதுமக்கள் முன்னிலையில் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் ஆசிரியர் அணி மாணவர்களிடம் 5-1 என்று தோற்றது. ஆசிரியர்களின் அந்த ஒற்றைக் கூடையைப் போட்டவர் இவர்தான்.

அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரானார். 1905இல் மிச்சிகனோடு நடந்த ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. மிச்சிகன் 56 ஆட்டங்களாகத் தோற்காத அணி. அதன் வீரர் ஒருவர் தன் கோல்கோட்டுக்குப் பின்னாலிருந்து பந்தோடு வெளியே ஓடிவர, சிகாகோ பையன்கள் அவரை மறுபடி உள்ளேயே தள்ளிச் சாய்த்தார்கள். அப்படிச் சாய்த்தால் சாய்த்த அணிக்குப் புள்ளி உண்டு. கிடைத்தது இரண்டே புள்ளி. 2-0. ஆட்டம் முடிந்தது!

இப்போது நீ கவனிக்க வேண்டிய இடம். 1932 சீசனோடு, எழுபது வயதாகிவிட்டது என்று அவரை ஓய்வில் அனுப்பினார்கள். நாற்பத்தொரு சீசன் உழைத்தவரை! எனக்கு அதில் கோபம்தான். அவரோ கலிஃபோர்னியாவின் பசிஃபிக் கல்லூரிக்குப் போய் மறுபடி பயிற்சியைத் தொடங்கிவிட்டார். 1938இல் அந்தப் பையன்களோடு சிகாகோவுக்கே வந்தார். அவர் பெயரையே தாங்கிய மைதானம், எதிரே அவருடைய பழைய அணி. 32-0 என்று வென்றார். 1943இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தபோது வயது 81. அதற்குப் பிறகும் மகனோடு சேர்ந்து இன்னொரு கல்லூரியில் பயிற்சி கொடுத்தார். 1965இல் 102 வயதில் இறந்தார்.

உனக்கு அறுபதுகூட ஆகவில்லை, மணி. ஊர்ப் பள்ளியில் கபடி அணிக்கு ஆள் தேடுவதாக நீயே எழுதியிருக்கிறாய். அதைக் கடைசி வரியில் ஒளித்துவைத்தால் எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமையே போய்த் தலைமையாசிரியரைப் பார். என்ன சொன்னார் என்று உடனே எழுது. வசந்தாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்