டிவியை வாசலுக்குத் தூக்கிவர முடியாதே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் உங்கள் நாளிதழில் முதல் தாளைப் புரட்டினால்தான் செய்தியே வந்தது. மேலே முழுக்க டிவி விளம்பரம். வரி குறைந்தது, விலை குறைந்தது என்று போட்டிருந்தார்கள். அதில் பொய் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரி சேர்க்காமல் 50,000 ரூபாய் உள்ள டிவி, 64,000-க்கு விற்றது 59,000-க்கு வந்தது. நான் கும்பகோணத்தில் வீட்டோடு தையல் கடை வைத்திருப்பவள். லைனிங் ரவிக்கைக்கு 250 ரூபாய் வாங்குகிறேன். ஐயாயிரம் என்றால் எனக்கு இருபது ரவிக்கை. ஆகவே வரியைக் குறைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் சொல்ல வந்தது கடைக்குள் நடப்பதை.

முதலில் என் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். திருபுவனம் பட்டுக்கு ரவிக்கை தைக்க வருபவர்களுக்கு நூல் மேட்சிங் பார்க்கும்போது டியூப்லைட்டை நம்ப மாட்டேன். துணியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெயிலில் மெரூன் ஆகிவிடும். பட்டுக்கடையில் சேலை எடுக்கும் பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள். சேலையை வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எந்தக் கடைக்காரரும் தடுத்து நான் பார்த்ததில்லை. 55 அங்குல டிவியை எந்த வாசலுக்குத் தூக்கிவருவது?

2021-இல் இப்படித்தான் ஏமாந்தேன். கடையில் கண்ணைப் பறித்த 43 அங்குல டிவி, வீட்டுக்கு வந்ததும் நாலு முறை துவைத்த வாயில் சேலை மாதிரி ஆகிவிட்டது. பழுது என்று ஆள் அனுப்பச் சொன்னேன். வந்த பையன் ரிமோட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு, “பழுதெல்லாம் இல்லக்கா, கடையில ஸ்டோர் மோட்ல ஓடும், இது ஹோம் மோட்” என்றான். கடையின் வெள்ளை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்களாம். கூடவே மின்னும் மீனும் பூவுமாக ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். அந்தப் படத்தில் எந்த டிவிதான் அழகாகத் தெரியாது? 2008-இல் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 14 அங்குல அரசு டிவியில் ஓட்டியிருந்தால்கூட நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இந்த முறை சீட்டு எடுத்த 65,000 ரூபாயுடன் மகளையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். மூன்று ரகம் காட்டினார்கள். ஓஎல்இடி என்பதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அதனால் கறுப்பு என்றால் வெல்வெட் கறுப்பு. கியூஎல்இடி என்று பெயர் பக்கத்தில் இருந்தாலும் அது வேறு சாதி. பின்னால் விளக்கு, முன்னால் நிறத்தைக் கூட்டிக்காட்ட ஒரு படலம். மினி எல்இடியிலும் பின்னால் விளக்குதான். ஆனால் பொடிப்பொடியாக நிறைய விளக்குகள், இருட்டுக் காட்சி வரும் பகுதியில் மட்டும் அடங்கிக்கொள்ளும். கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் லேசாகப் புகை படிந்ததுபோல் தெரிகிறது. தையல்காரியின் கண் அதில்தான் போய் நிற்கும்.

மனதுக்குப் பிடித்தது ஓஎல்இடிதான். 55 அங்குலம் லட்சத்தைத் தொட்டது. 48 அங்குலத்தில் போன வருட மாடல் ஒன்றைப் பேரம் பேசினால் கையில் இருந்ததற்கு மேல் பத்தாயிரம்தான் போட வேண்டியிருந்திருக்கும். வட்டியில்லாத் தவணை என்றார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் ஓஎல்இடியை விட்டதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. என் மாமனார் காலை ஆறு மணிக்குச் செய்தி சேனலைப் போட்டால் இரவு தூங்கும்வரை அதேதான். மூலையில் சேனல் முத்திரை, கீழே சிவப்புப் பட்டை, ஓடும் எழுத்து. ஒரே உருவம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் ஓஎல்இடியில் நாளடைவில் அதன் தழும்பு விழலாம். இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்லவில்லை. மகள் கேட்ட பிறகு, “அப்படியும் சொல்றாங்க” என்றார் ஒருவர். அதோடு எங்கள் கூடத்துக்குக் கிழக்கு ஜன்னல். காலை வெயில் நேரே சுவரில் அடிக்கும்.

அப்புறம் பக்கவாட்டுப் பிரச்சினை. நான் டிவிக்கு நேரே உட்கார்ந்து பார்ப்பவள் இல்லை. இடது ஓரத்தில் மெஷின், அங்கே ஹெம்மிங் போட்டுக்கொண்டே சீரியல் பார்ப்பேன். கடையில் நேரே நின்று பார்த்தால் பளிச்சென்றிருந்த மினி எல்இடி, நாலடி தள்ளிப் போனதும் வெளுத்தது. விற்பனைத் தம்பிக்கு நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பது வேடிக்கையாக இருந்திருக்கும்.

“எங்க வீட்டுக் கேபிள்ல வர்ற மாதிரி ஏதாவது போடுங்க தம்பி” என்று கேட்டேன். மூன்று கடையிலும் கேபிள் இணைப்பே இல்லை. பென்டிரைவ்தான். மகள் விடவில்லை. யூடியூபில் ஒரு பழைய பாட்டை எடுத்து, தரத்தை 480-க்கு இறக்கச் சொன்னாள். அப்போதுதான் டிவிகளின் சாயம் வெளுத்தது. அவள் சொன்ன கணக்கு எனக்கு உடனே புரிந்தது. சாதாரணக் கேபிள் படம் 720-க்கு 576 புள்ளி. 4கே திரை 3840-க்கு 2160. பெருக்கிப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. ஒரு புள்ளியை இருபதாக இழுத்து ஒட்டுப்போட வேண்டும். கைக்குட்டைத் துணியில் பாவாடை தைப்பது மாதிரி. அந்த ஒட்டுவேலையை ஒரு டிவி நன்றாகச் செய்கிறது, ஒன்றில் முகமெல்லாம் மெழுகாகிறது. எங்களைப் போன்றவர்கள் பார்த்து வாங்க வேண்டியது அதை. காட்டுவதோ மீனை.

படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் எடுப்பாகக் காட்டும் டால்பி விஷன் என்ற முறை பற்றியும் ஒரு கால் மணி நேரம் பேசினார்கள். சாம்சங்கில் அது கிடையாது, அதே வேலைக்கு எச்டிஆர்10 பிளஸ் என்ற வேறு முறைதான். எல்ஜி ஓஎல்இடியில் உண்டு. கேபிள் சீரியலுக்கு இரண்டும் எதற்கு? அட்டையில் போட்டிருந்த ‘120’ தான் இன்னும் மோசம். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்ற கணக்கு. சினிமா நொடிக்கு 24 படம். 120-ஐ 24-ஆல் வெட்டினால் சரியாக ஐந்து துண்டு, 60-ஐ வெட்டினால் இரண்டரை. அதனால் 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் லாபம்தான். ஆனால் ஒரு டிவியின் அட்டையில் 120 என்றிருந்ததற்குப் பக்கத்தில் ஏதோ ‘மோஷன்’ என்று பொடியாக எழுதியிருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் திரை 60 ஹெர்ட்ஸ். கேட்டதற்கு, “சாஃப்ட்வேர்ல 120 எஃபெக்ட் வரும்க்கா” என்றார். பாலியஸ்டரைப் பட்டு எஃபெக்ட் என்று நான் விற்றால் வாடிக்கையாளர் சும்மா விடுவார்களா?

கடைசியில் 55 அங்குல மினி எல்இடி ஒன்றை 61,500-க்கு வாங்கினேன். 480 பாட்டில் முகம் முகமாகத் தெரிந்தது அதில்தான். காலை வெயிலிலும் படம் நிற்கிறது. பக்கவாட்டு வெளுப்பு இருக்கத்தான் செய்கிறது. மெஷினை டிவிக்கு நேரே நகர்த்திவிட்டேன். இப்போது ஜன்னல் வெளிச்சம் முதுகுப் பக்கம் வருகிறது, ஊசியில் நூல் கோர்க்கும்போது என் நிழலே விழுகிறது.

கடைக்காரர்களுக்கு இரண்டு வேண்டுகோள். விலை அட்டையில் திரை என்ன ரகம், உண்மையான ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று விலை போட்ட அதே பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு ஓரத்தில் வீட்டு மோடில், கேபிள் இணைப்போடு, கடையின் விளக்கு அடிக்காத இடத்தில் நாலைந்து டிவியை வையுங்கள். அடுத்தது பொங்கல் விற்பனை. முழுப்பக்க விளம்பரம் கொடுக்க வருபவர்களிடம், தள்ளுபடிக்குப் பக்கத்தில் அந்த ஹெர்ட்ஸையும் போடச் சொல்லி நீங்களும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இப்படிக்கு,
வாசகி, தையல் கடை,
கும்பகோணம்.